ஆடி அமாவாசைக்கு முன்பா, பின்பா?

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
8.8.2025

மாதேஸ்வரி அக்காவுக்கு,

சத்யப்ரியா எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் ரோஜா ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்த நேரம் பார்த்து, இந்தக் கவரை அவர் கையில் திணித்து அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

புதன்கிழமை நடந்ததை நீங்கள் அரைகுறையாகத்தான் கேட்டீர்கள். மீதியை நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். மாமா காலையில் டீ குடிக்கப் போனார். என் வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் இருந்தார், நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் இல்லை, கோயிலில் இல்லை, தெருவில் இல்லை. மத்தியானம் பர்கூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். “பெரியவரு பாக்கெட்டுல இந்த நம்பர் இருந்துச்சும்மா. ஊருக்குப் போவணும்ங்கிறாரு. எந்த ஊருன்னு கேட்டா முழிக்கிறாரு” என்றார். அலறி அடித்துக்கொண்டு போனேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டார். இந்த வீட்டுக்கு வாழ வந்து எட்டு வருஷம் ஆகிறது அக்கா. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களோ, “நல்லா நடமாடிக்கிட்டு இருந்த மனுசனை ரெண்டு வாரத்துல பைத்தியமாக்கிட்டயே” என்றீர்கள். பதிலுக்கு நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். அது அப்படியே கிடக்கட்டும்.

இப்போது விஷயம் வேறு. உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும், அண்ணனும் தம்பியுமாகப் போனில் பேசி, மாமாவைப் பற்றி முடிவு செய்துவிட்டார்கள். விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறார்களாம். எப்போதும் கேட்டைப் பூட்டியே வைத்திருப்பார்களாம், அதனால் பயமில்லையாம். உங்களிடம் கேட்டார்களா? என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நேற்று மாமாவை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வயதானவர்களின் மறதியைப் பார்ப்பவர். அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். இது எப்போது ஆரம்பித்தது? கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, திடீரென்று வந்ததா? மாமா அமாவாசைக்கு அமாவாசை வீடு மாறுகிறவர், ஆடி அமாவாசை அன்றுதான் என் வீட்டுக்கு வந்தார் என்று சொன்னேன். “அப்ப அதுக்கு முந்தின மாசம் அவரைப் பார்த்துக்கிட்டவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. பாதிக் கதையை வெச்சுக்கிட்டு நான் எதுவும் சொல்ல முடியாது” என்றார்.

அக்கா, உங்கள் மேல் பழி போடக் கேட்கவில்லை. ஆடி அமாவாசைக்கு முன்பே, உங்கள் வீட்டில் இருந்தபோதே, மாமாவிடம் ஏதாவது மாற்றம் இருந்ததா?

சத்யா

*

பேரிகை
10.8.2025

சத்யாவுக்கு,

கடுதாசி கிடைத்தது. படித்தேன். கிழிக்கவில்லை, அடுப்பு மேடையில்தான் கிடக்கிறது.

பழி போடவில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியை வைத்திருக்கிறாயே, அதற்குப் பெயர் என்ன? போலீஸ் ஸ்டேஷனில் கூட உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள். என் வீட்டில் மாமாவுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்து தோட்டத்தை ஒரு சுற்று வருவார். ரோஜா வளர்க்கும் பசுமைக் குடிலில் வேலை செய்கிற பெண்களிடம் வம்பளப்பார். களி கிண்டினால் இரண்டு உருண்டை சாப்பிடுவார். ஆடி அமாவாசை அன்று வேட்டி துவைத்துக் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, முழுசாகத்தான் உன்னிடம் அனுப்பி வைத்தேன்.

உன் வீட்டில் என்ன இருக்கிறது? மூன்றாம் மாடி. இறங்கினால் லாரி, ஏறினால் டிவி. சோற்றில் உப்புக் கூடப் போடுவதில்லை என்று உன் வீட்டுக்காரரே என் வீட்டுக்காரரிடம் புலம்பியிருக்கிறார். பி.பி. இருக்கிறது என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால், நீ உப்பு டப்பாவையே ஒளித்து வைப்பாய். கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற பழக்கத்தை மாமனார் தட்டிலும் காட்டினால் மனுசன் என்ன ஆவார்?

இல்லத்தைப் பற்றி என்னிடமும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனால் ஒன்று. தோட்டத்துக் கிணற்றுக்கு இன்னும் சுற்றுச் சுவர் கட்டவில்லை. புத்தி தடுமாறிய மனுசனை இங்கே வைத்துக்கொண்டு இருபத்து நாலு மணி நேரமும் பின்னாலேயே ஓட என்னால் முடியுமா? நீயே சொல்.

மாதேஸ்வரி

*

மூக்கண்டப்பள்ளி
13.8.2025

அக்காவுக்கு,

கோபமாக ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பவில்லை. நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா நேற்று மாமாவுக்கு ஞாபகப் பரீட்சை வைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பதிலுக்கு ஜாடை காட்டக்கூடாது என்று என்னை முதலிலேயே எச்சரித்துவிட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்றார். மாமா, “பாகலூர்ச் சந்தைக்கு மறுநாளு” என்றார். கிழமையின் பெயர் வரவில்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். நாம் இருப்பது எந்த ஊர் என்றார். “ஆஸ்பத்திரி” என்றார். கதவு, எலுமிச்சை, சைக்கிள் என்று மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். தலையை ஆட்டினார்.

அடுத்தது மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். பங்குனியிலிருந்து ஆரம்பித்து மாசி, தை வரை வந்தார். தையில் நின்றுவிட்டார். மறுபடி பங்குனி என்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். பேச்சின் நடுவிலேயே தூங்கிவிட்டார் அக்கா, உட்கார்ந்த வாக்கில். தட்டி எழுப்பினால் என்னைப் பார்த்து, “கெம்பம்மா, நானு சாப்பிட்டுட்டனா?” என்கிறார். செத்துப்போன அத்தையின் பெயர். “சாப்பிட்டாச்சு மாமா” என்றேன்.

ஆனால் காலையில் இதே மனுசர் என்னைச் சத்யா என்று கூப்பிட்டு, லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். அதைச் சொன்னதும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “காலையில தெளிவு, மத்தியானம் குழப்பம், நடுவுல தூக்கம். வயசான மறதி இப்படி மேலயும் கீழயும் ஆடாதும்மா. அது மெதுவா, வருஷக் கணக்குல வரும். இது வேற ஏதோ உடம்புக் கோளாறா இருக்கலாம். அப்படி இருந்தா சரி பண்ண முடியும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா எனக்கு எங்க தேடணும்னு தெரியும்” என்றார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மாமா சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், எந்த வீட்டில் இருந்தாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

சரி பண்ண முடியும் என்று டாக்டர் சொன்னது உங்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த இல்லத்தில் போய்ப் படுத்துவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். முன்பா, பின்பா?

உப்பு விஷயம் உண்மைதான். பயந்துபோய் சுத்தமாக நிறுத்திவிட்டேன்.

சத்யா

*

பேரிகை
14.8.2025

சத்யா,

முன்பேதான்.

இதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. ஆடி அமாவாசைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் ஆரம்பித்தது. சொட்டுநீர் வால்வைத் திறந்துவிட்டு வந்து, “திறந்தனா?” என்று கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மறுபடியும் கேட்டார். இன்னொரு நாள் கோஸ் நாற்று நட்ட வயலில் நின்றுகொண்டு இது யாருடைய நிலம் என்றார். நான் சும்மா விளையாடுகிறார் என்று நினைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் கால் தடுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வைகாசியில் பக்கத்துத் தோட்டத்துச் சின்னராஜுவின் பைக் நம்பரை மனப்பாடமாகச் சொன்ன மனுசர்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் முறை வரும்போது மாமாவை நல்லபடியாக ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தேன். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுப்பதில்லையா, அப்படி. ஓசூர்க்காரி ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்புதான். அமாவாசை அன்று பஸ்ஸில் ஏற்றும்போது அவர் கை நடுங்கியது. பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன். நீயும் போன தடவை அவர் காலில் வீக்கம் இருந்ததை என்னிடம் சொல்லாமல், நைசாக ஒரு மாத்திரை அட்டையைப் பையில் வைத்துத்தானே அனுப்பினாய்?

அந்த மாத்திரை எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் நர்ஸம்மா வீடு தேடி வந்து பி.பி. மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு வருஷமாக மாமா அதைத்தான் சாப்பிடுகிறார். நல்லாத்தான் இருந்தார். அதனால் நான் கையால் கொடுத்தது நர்ஸம்மா மாத்திரையைத்தான். உன்னுடையதை நான் தொடவில்லை. அவர் பையிலேயே இருந்தது. உன் வீட்டுக்கு வரும்போது நர்ஸம்மா மாத்திரையையும் அந்தப் பையில் வைத்தேன். வீட்டில் மிச்சமிருந்ததை இந்தக் கவரோடு அனுப்புகிறேன். அவர் பையையும் துழாவிப் பார்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லு. என் பெயரைச் சொல்லியே சொல்லு. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். என்ன ஆனாலும் உடனே கூப்பிடு.

மாதேஸ்வரி

*

ஓசூர், ஆஸ்பத்திரியிலிருந்து
17.8.2025

அக்காவுக்கு,

போனில் பேசினோமே, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுததில் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. மாமா தூங்குகிறார். உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் மாலையில் வந்து வாங்கிக்கொள்வார்.

உங்கள் கடிதத்தையும் மாத்திரைப் பையையும் டாக்டரம்மா மேஜையில் கொட்டினேன். நர்ஸம்மா அட்டையையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “பேரு வேற, கம்பெனி வேற. ரெண்டுக்குள்ளயும் நீர் பிரியுற மருந்து ஒண்ணேதான். ரெண்டு அட்டையும் காலியாகிட்டு வருதே, யாரு குடுத்தது?” என்றார். நான் என்னுடையதை மட்டும்தான் கொடுத்தேன். நீங்கள் உங்களுடையதை மட்டும்தான் கொடுத்தீர்கள். அப்புறம் எப்படி இரண்டும் காலியாகும்?

மாமாதான் அக்கா. உங்கள் வீட்டில் நீங்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து என்னுடையதையும் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே நான் கொடுத்ததோடு உங்களுடையதையும். அதற்கு மேல் நான் உப்பையும் நிறுத்தினேன். ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்பு அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. மூளை தடுமாறியது அதனால்தானாம். வலிப்பு வந்திருக்கலாம், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம் என்றார்.

முன்பு கால் வீக்கத்துக்கு அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டர், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று என்னிடம் கேட்கத்தான் செய்தார். இல்லை என்று சொன்னவள் நான்தான். ஊர் மாத்திரையை ஒரு மாத்திரையாகவே நான் மதிக்கவில்லை. நீங்கள் ஓசூர் மாத்திரையை மதிக்கவில்லை. இரண்டையும் மதித்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டையும் நிறுத்திவிட்டு உப்பை மெதுவாக ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் அதுவும் ஆபத்தாம். இன்று காலை கண்ணைத் திறந்து, “சத்யா, இந்த ஆஸ்பத்திரியில டீயே குடுக்க மாட்டாங்களா?” என்றார். நான் தனியாக வராந்தாவுக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

சத்யா

*

பேரிகை
31.8.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கத்துகிறேன், நீ விசும்புகிறாய். எழுதினால்தான் ஒருவர் பேச்சை ஒருவர் முழுசாகக் கேட்கிறோம்.

மாமாவைப் பார்த்துக்கொள்ள வந்தபோது ஆஸ்பத்திரியில் உன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாயாமே. சிரி. அத்தனை நாள் கண்ணை மூடாதவளுக்குத்தான் தெரியும். மாமா இங்கே வந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் திட்டுகிறார். நேற்று நான் கோஸை வெட்டி அடுக்கிய அழகைப் பார்த்து, “இதைப் பார்த்தா வாங்க வர்றவன் அப்படியே திரும்பிப் போயிருவான்” என்றார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

சமயம் பார்த்துக் கேட்டேன். ஏன் மாமா ரெண்டையும் சாப்பிட்டீங்க என்று. மாட்டுக்குப் புல் அள்ளிப் போட்டார். “ரெண்டு பேரும் பாசமா குடுத்தீங்க. ஒருத்தி குடுத்ததை வுட்டுட்டு இன்னொருத்தி குடுத்ததை மட்டும் தின்னா அது பாரபட்சம் ஆயிராதா? அட்டையில மிச்சம் கெடந்தா நீங்க எண்ணிப் பாப்பீங்கல்ல” என்றார். நாம் எண்ணியிருப்போம் சத்யா. நிச்சயமாக எண்ணியிருப்போம்.

இல்லத்துப் பேச்சு மாமா காதுக்கும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அரைத் தூக்கத்தில் கேட்டாராம். சதுர்த்திக்குக் கொழுக்கட்டை சாப்பிடும்போது இரண்டு மகன்களையும் எதிரே உட்கார வைத்து, “என்னைய எங்க வெக்கிறதுன்னு பேசினீங்க. எனக்கு என்னாச்சுன்னு கேட்டவ உங்க பொண்டாட்டிங்கதான்” என்றார். உன் வீட்டுக்காரர் வாயில் வைத்த கொழுக்கட்டையை விழுங்க முடியாமல் தவித்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆனந்தமாகத்தான் இருந்தது. இல்லத்துப் பேச்சு அதோடு முடிந்தது.

மாத்திரை இனிமேல் ஒரே டப்பாதான். எந்த வீட்டுக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும். நர்ஸம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாதேஸ்வரி அக்கா

*

மூக்கண்டப்பள்ளி
16.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபரீட்சை முடிந்து மாமாவை உங்கள் வீட்டுக்காரரோடு அனுப்பி வைத்தேன், வந்து சேர்ந்திருப்பார். பெயிலாகிப் பாஸான பையனைப் போல டாக்டரம்மா முன்னால் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழமை சரி, தேதி சரி. மாதத்தைப் பங்குனியிலிருந்து சித்திரை வரை பின்னோக்கி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “கன்னடத்துலயும் சொல்லட்டுங்களா?” என்றார். மூன்று வார்த்தையில் இரண்டு வந்தது. மூன்றாவதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “வயசுக்கு அது ஒண்ணை வுட்ருங்கம்மா” என்றார்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் பேசினார். அந்த ஒரு வார்த்தையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது, அதற்காகப் பயப்படவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். ரத்தப் பரிசோதனையை மட்டும் தவறவிடக்கூடாதாம்.

ஆனால் அக்கா, மாமா இன்னொன்றும் கேட்டார். “நானு தனியா பஸ்ஸுல போயி வரலாங்களா?” என்று. டாக்டரம்மா, “தெரிஞ்ச வழிதானே, போய்ப் பாருங்க. பாக்கெட்டுல விலாசம் வெச்சுக்குங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. பர்கூரில் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. மகாளய அமாவாசைக்கு அவர் இங்கே வர வேண்டிய முறை. தயவு செய்து தனியாக அனுப்பாதீர்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து கூட்டிக்கொள்கிறேன்.

சத்யா

*

பேரிகை
20.9.2025, காலை

அன்புள்ள சத்யாவுக்கு,

நீ எழுதியதை மாமாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். கோபப்படவில்லை. அப்புறம் சொன்னார், “அமாவாசைக்கு அமாவாசை என்னைய மாத்தி வுடுற வேலை இனிமே வேணாம். எனக்கு எங்க இருக்கத் தோணுதோ அங்க இருக்கறேன். நாளைக்கு அமாவாசை. அதுக்காக நானு வரல. சத்யா பயந்துக்கிட்டே இருக்கா, அதனால இன்னைக்கே போறேன்.”

நான் கூட வருகிறேன் என்றேன். முறைத்தார். உனக்குப் போன் செய்து சொல்கிறேன் என்றேன். “சொன்னீன்னா அவ பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா. நானு தொலைஞ்சு போயி அவ கண்டுபிடிச்ச மாதிரி ஆயிரும். நானா போயி அந்தக் கதவைத் தட்டணும்” என்றார். போன் செய்ய மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடுதாசி எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, தானே கொண்டு போய்க் கொடுப்பதாக வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. பயந்துகொண்டுதான் அனுப்புகிறேன். ஆடி அமாவாசை அன்று அவர் கை நடுங்கியது, வீம்புக்காக ஏற்றிவிட்டேன். இன்றைக்கு நடுங்குவது என் கைதான். அவருடையது இல்லை. நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். வந்து இரண்டு நாள் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை டப்பா மஞ்சள் பையில் இருக்கிறது. இரண்டு கோஸ் வைத்திருக்கிறேன், நான் அடுக்கியது இல்லை, மாமா பொறுக்கியது. ரசத்தில் உப்பு அளவாகப் போடு.

பஸ் வந்துவிட்டது, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார், கையை நீட்டிக் கடுதாசியைக் கேட்கிறார். சத்யா, இது உன் கையில் இருக்கிறது என்றால் மாமா வந்து சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். முதலில் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வை.

மாதேஸ்வரி அக்கா